முதியோருக்குப் புற்றுநோய்: மருந்து ஏற்றுவதற்கு முன் எட்டுக் கேள்விகள்

பிரான்சுக்குப் புதிதாக வந்து குடியமரும் எமது குடும்பங்களுக்கு முதல் இரண்டு வருடங்களும் பத்திரங்களோடுதான் போகின்றன. வதிவிட அனுமதி, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மொழி வகுப்பு என்று ஒவ்வொன்றாய் ஓடித் திரிகிறோம். இந்த ஓட்டத்தில் வீட்டில் இருக்கும் வயதானவர்களின் சுகநலம் பின்னுக்குப் போய்விடுகிறது. அவர்களும் பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசியில் ஒரு நாள் ஸ்கான் எடுத்து, ஊசியால் தசை எடுத்துப் பரிசோதித்து, புற்றுநோய் என்று வைத்தியர் சொல்லும்போது வீடே இடிந்துபோய் நிற்கிறது.

அதன்பின் பிள்ளைகளின் மனதில் எழும் முதற் கேள்வி, "கீமோவை எப்போது தொடங்குவார்கள்?" என்பதுதான். ஆனால் வைத்தியசாலையிலோ உடனே மருந்து ஏற்றாமல், தாயையோ தகப்பனையோ ஒரு கதிரையில் இருத்தி, "கடந்த 3 மாதத்தில் சாப்பாடு குறைந்ததா? நிறை குறைந்ததா? தனியே வெளியில் போய் வருவீர்களா?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். "நோயைப் பார்க்காமல் ஊர்க்கதை கேட்கிறார்கள்" என்று எம்மவர்கள் பலர் சலித்துக்கொள்கிறார்கள். "வயது போனவர், அதிலும் அகதி, அதனால்தான் கடத்துகிறார்கள்" என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. இக் கேள்விகள் எதற்காகக் கேட்கப்படுகின்றன, அவற்றுக்கு நாம் சொல்லும் பதில் சிகிச்சையை எவ்வாறு மாற்றுகிறது என்பதை விளக்குவதே இக் கட்டுரையின் நோக்கம்.

வயதும் நலிவும் ஒன்றல்ல

எமது ஊர்களில் இரண்டு வகையான முதியவர்களை நாம் கண்டிருக்கிறோம். எண்பது வயதிலும் விடியப்புறம் எழுந்து தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்கள் ஒரு வகை. எழுபதிலேயே திண்ணையை விட்டு எழும்ப ஆள் துணை வேண்டி நின்றவர்கள் மறு வகை. பிறந்த திகதியை மட்டும் பார்த்து இந்த இருவரையும் பிரித்தறிய முடியாது.

உடலுக்குள் இருக்கும் சேமிப்புப் பலம் குறைந்துபோன நிலையையே வைத்தியர்கள் நலிவு என்கிறார்கள். அன்றாடம் பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார். ஆனால் ஒரு காய்ச்சல், ஒரு சத்திரசிகிச்சை, ஒரு கடும் மருந்து என்று ஏதாவது வந்தால் அதிலிருந்து எழும்பப் பலம் போதாது. 2001 இல் அமெரிக்காவின் லிண்டா பிரைட் என்ற வைத்தியரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதனை இனங்காண ஐந்து அறிகுறிகளைச் சொன்னார்கள். விரும்பாமலே நிறை குறைதல், எந்நேரமும் களைப்பு, கைப்பிடியின் பலம் குறைதல், நடை மெதுவாதல், உடலசைவு குறைதல் என்பனவே அவை. இவற்றுள் மூன்று இருந்தால் அவர் நலிந்தவர். ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவை நோக்கிப் போகிறவர்.

கீமோ மருந்து புற்றுக் கலங்களை மட்டும் தேடிப்போய்த் தாக்குவதில்லை. எலும்பு மச்சை, குடல், வாய் என்று வேகமாக வளரும் நல்ல கலங்களையும் அது தாக்குகிறது. இளம் உடல் இதனை ஈடுசெய்துவிடும். முதிய உடலில் மச்சை மெதுவாகவே மீள்கிறது, சிறுநீரகமும் மருந்தை மெதுவாகவே வெளியேற்றுகிறது. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தில் கிரியற்றினின் என்ற பொருளை அளக்கிறார்கள். இது தசையிலிருந்து வருவது. மெலிந்த முதியவருக்குத் தசையே குறைவு என்பதால், சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலும் அந்த இலக்கம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றலாம். இதனால்தான் இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து வைத்தியர் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதில்லை.

அந்த எட்டுக் கேள்விகள்

பிரான்சில் பெரும்பாலும் பயன்படுவது 'ஜே-உய்த்' எனப்படும் கேள்விக்கொத்து. ஆங்கிலத்தில் 'ஜீ-எயிற்' என்பார்கள். இது பிரான்சிலேயே உருவாக்கப்பட்டு 2012 இல் வெளியானது. கேட்டு முடிக்க 5 நிமிடமளவே செல்லும், பெரும்பாலும் தாதி ஒருவரே கேட்பார். பிரான்சின் தேசிய புற்றுநோய் நிறுவகம் 75 வயதைக் கடந்த நோயாளருக்கு இதைப் பயன்படுத்துமாறு கூறுகிறது. கேட்கப்படுவன இவைதான்:

1. கடந்த 3 மாதத்தில் சாப்பாடு குறைந்ததா? மிகவும் குறைந்திருந்தால் 0, ஓரளவு குறைந்திருந்தால் 1, குறையவில்லை என்றால் 2 புள்ளி.

2. கடந்த 3 மாதத்தில் நிறை குறைந்ததா? 3 கிலோவுக்கு மேல் என்றால் 0, தெரியாது என்றால் 1, 1 முதல் 3 கிலோ வரை என்றால் 2, குறையவில்லை என்றால் 3.

3. நடமாட்டம் எப்படி? படுக்கையோடு அல்லது கதிரையோடு இருந்தால் 0, வீட்டுக்குள் மட்டும் நடந்தால் 1, வெளியே போய் வந்தால் 2.

4. மறதி நோயோ மனச்சோர்வோ உண்டா? கடுமையாக இருந்தால் 0, ஓரளவு என்றால் 1, இல்லையென்றால் 2.

5. உயரத்துக்கு ஏற்ற நிறை உண்டா? கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் பிரித்தால் வரும் எண் 19 இற்குக் கீழே என்றால் 0, 19 முதல் 21 இற்குள் 1, 21 முதல் 23 இற்குள் 2, 23 அல்லது அதற்கு மேல் 3.

6. நாளொன்றுக்கு மூன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் எடுக்கிறாரா? ஆம் என்றால் 0, இல்லை என்றால் 1.

7. தன் வயதை ஒத்த மற்றவர்களோடு பார்க்கையில் தன் சுகம் எப்படி என்று நினைக்கிறார்? அவர்களைவிடக் குறைவு என்றால் 0, தெரியாது என்றால் 0.5, அவர்களைப் போலத்தான் என்றால் 1, அவர்களைவிட நல்லது என்றால் 2.

8. வயது. 85 இற்கு மேல் 0, 80 முதல் 85 வரை 1, 80 இற்குக் கீழ் 2.

முழுப் புள்ளி 17. அது 14 அல்லது அதற்குக் குறைவாக வந்தால், முதியோர் வைத்தியர் ஒருவர் விரிவாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. 14 என்று வந்தவுடன் சிகிச்சை கிடையாது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. மேலும் ஆழமாகப் பாருங்கள் என்று காட்டும் கைகாட்டி மரம் மட்டுமே அது. அக் கைகாட்டியும் தவறக் கூடியதே. பிரான்சின் பல வைத்தியசாலைகளில் இதனைச் சோதித்துப் பார்த்து 2014 இல் வெளியிட்ட முடிவின்படி, குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரையே இது பிடித்துக் காட்டியது. ஆகவே புள்ளி நன்றாக வந்தாலும், வீட்டில் நாம் கண்ட மாற்றங்களை வைத்தியரிடம் சொல்லத்தான் வேண்டும்.

"எனக்கு ஒண்டுமில்லை" என்ற பதில்

ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 76 வயதுத் தகப்பன் ஒருவர். உயரம் 1.65 மீற்றர், நிறை 60 கிலோ. சாப்பாடு ஓரளவு குறைந்து, 3 மாதத்தில் 2 கிலோ மெலிந்திருக்கிறார். வெளியே போய் வருவார், மறதியும் இல்லை. நீரிழிவு, பிறஷர், கொழுப்பு எல்லாவற்றுக்குமாக நாளுக்கு ஐந்து மருந்துகள். சுகம் எப்படி என்று கேட்டால் "என்னத்தைச் சொல்ல, தெரியாது" என்பார். உண்மையைச் சொன்னால் இவருக்கு வரும் புள்ளி 1, 2, 2, 2, 2, 0, 0.5, 2 என்று மொத்தம் 11.5. இவர் முதியோர் வைத்தியரிடம் போக வேண்டியவர்.

இதே தகப்பன் வைத்தியருக்கு முன்னால் நிமிர்ந்து இருந்து, "சாப்பாடெல்லாம் வழமைதான், மெலியவில்லை, என்னைவிட இளந்தாரிகள் படுத்துக் கிடக்கினம், நான் நல்லாய்த்தான் இருக்கிறன்" என்று சொன்னால் என்ன நடக்கும்? முதலாம் கேள்விக்கு 2, இரண்டாம் கேள்விக்கு 3, ஏழாம் கேள்விக்கு 2. மொத்தம் 15 ஆகிவிடும். மூன்றே மூன்று பதில்களால் அவர் பலமுள்ளவர் பட்டியலில் சேர்ந்து, முழு அளவு மருந்துக்குத் தகுதியானவர் ஆகிறார். ஆனால் அதைத் தாங்கப்போகும் உடல் 11.5 புள்ளி உடல்தான்.

வருத்தத்தை மறைப்பது எமது முதியவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. போரும் இடப்பெயர்வும் அதைத்தான் அவர்களுக்குப் பழக்கின. பலவீனத்தைக் காட்டினால் பின்தங்கிவிடுவோம் என்ற பயம் இன்னும் போகவில்லை. பலவீனத்தைச் சொன்னால் மருந்து தரமாட்டார்கள் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வைத்தியசாலைக்குப் போவதற்கு முதல் நாள் பிள்ளைகள் அருகில் இருந்து, "அப்பா, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ, அப்பதான் உங்கட உடம்புக்கு அளவான மருந்து தருவினம்" என்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

மொழியால் வரும் பிழைகள்

புள்ளி குறைந்தவர்களை முதியோர் வைத்தியர், தாதி, உணவு ஆலோசகர், உடற்பயிற்சி தரும் 'கினே' என்று பலர் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் பார்ப்பதுண்டு. இத் துறையைப் பிரெஞ்சில் 'ஒன்கோஜெரியாத்ரி' என்பார்கள். 2009-2013 காலப் புற்றுநோய்த் திட்டத்தின் கீழ் இதற்கெனப் பிரதேச ரீதியான ஒருங்கிணைப்புப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. கதிரையிலிருந்து எழுந்து 3 மீற்றர் நடந்து திரும்பி வந்து இருக்க எத்தனை விநாடி செல்கிறது என்று பார்ப்பார்கள். கைப்பிடியின் பலத்தை அளப்பார்கள். காது, கண், பல், தூக்கம், மனநிலை எல்லாவற்றையும் கேட்பார்கள்.

எம்மவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் ஞாபகசக்திப் பரிசோதனை. இன்று என்ன திகதி, எந்தப் பருவகாலம், நாம் இருப்பது எந்த மாவட்டம், எந்தப் பிரதேசம் என்று அதில் கேட்கப்படும். மாரியும் கோடையும் மட்டுமே அறிந்து, ஆறு மாதத்துக்கு முன் வந்திறங்கிய அம்மம்மா ஒருவருக்கு இலையுதிர் காலத்தின் பெயரோ 'செயின்-சான்-தெனி' என்ற மாவட்டத்தின் பெயரோ எப்படித் தெரியும்? அவர் மௌனமாய் இருந்தால் மறதி நோய் என்று எழுதப்படும் ஆபத்து உண்டு. "இவர் எப்போது இந்நாட்டுக்கு வந்தார், எத்தனையாம் வகுப்பு வரை படித்தார், எந்த மொழியில் படித்தார்" என்ற மூன்று விபரங்களையும் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அவ்வாறே, தனியே கடைக்குப் போவாரா, தொலைபேசி பேசுவாரா, பஸ்ஸில் போவாரா, பணம் கையாள்வாரா, சமைப்பாரா என்றும் கேட்பார்கள். பாஷை தெரியாததால் மெற்றோவில் தனியே போகாதவரும், கால் வலுவில்லாததால் போகாதவரும் ஒன்றல்ல. ஆயுளில் ஒரு நாளும் அடுப்படிக்குப் போகாத ஆண் ஒருவர் சமைப்பதில்லை என்பது நலிவின் அடையாளமும் அல்ல. "முந்திச் செய்தவர், இப்போது முடியாமல் விட்டுவிட்டார்" என்பதுதான் வைத்தியருக்கு வேண்டிய செய்தி. அதனைப் பிரித்துச் சொல்வது எமது பொறுப்பு.

பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்புக்குக் கூட்டிப் போவதை இயன்றவரை தவிர்ப்போம். மலம், சலம், மனக்கவலை போன்றவற்றைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்னால் எந்தத் தாத்தாவும் சொல்லமாட்டார். மரணம் பற்றிய பேச்சை அப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதும் நியாயமல்ல. தொழில்முறை மொழிபெயர்ப்பை 2016 ஜனவரிச் சுகாதாரச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. பல பெரிய வைத்தியசாலைகளில் தொலைபேசி மூலம் மொழிபெயர்ப்பாளரை அழைக்கிறார்கள். சந்திப்புத் திகதி கிடைத்த அன்றே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.

இதனால் என்ன பலன்?

பாரிசுக்கு அருகே கிரெத்தையில் உள்ள ஒன்றி மொந்தோர் வைத்தியசாலையின் ஆய்வு ஒன்று 2011 இல் வெளியானது. முதியோர் வைத்தியர் பார்த்த 375 நோயாளரில் 78 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு, முதலில் போட்ட சிகிச்சைத் திட்டம் மாற்றப்பட்டது. அவர்களுள் 63 பேருக்குச் சிகிச்சையின் கடுமை குறைக்கப்பட்டது. மாற்றத்துக்கு முக்கிய காரணங்களாக இருந்தவை அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடியாமையும் போசாக்குக் குறைவும் ஆகும்.

அமெரிக்காவில் 70 வயதைக் கடந்த 718 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2021 இல் வெளியானது. இவர்கள் முற்றிய புற்றுநோய் உள்ளவர்கள். விரிவான முதியோர் மதிப்பீட்டின் முடிவு வைத்தியரின் கையில் கொடுக்கப்பட்ட பிரிவில் 51 வீதத்தினருக்குக் கடும் பக்கவிளைவுகள் வந்தன. அது கொடுக்கப்படாத பிரிவில் 71 வீதத்தினருக்கு வந்தன. உயிர்வாழ்ந்த காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை.

இந்த முடிவை நாம் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இக் கேள்விகள் ஆயுளை நீட்டும் மந்திரம் என்று சொல்ல முடியாது. ஆனால் மருந்தைக் குறைத்துத் தொடங்கியதால் ஆயுள் குறைந்துவிடவும் இல்லை. அதே காலத்தை வாந்தியும் காய்ச்சலும் வைத்தியசாலைக் கட்டிலுமாகக் கழிக்காமல், வீட்டில், பிள்ளைகளின் நடுவில், வாய்க்கு ருசியாக ஏதோ சாப்பிட்டுக்கொண்டு கழிக்கப் பலருக்கு முடிந்திருக்கிறது. அளவு குறைத்துத் தருகிறார்கள் என்றதும் "கைவிட்டுவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போகும் பிள்ளைகள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. ஆள் பலமாக இருக்கும்போது, வயதை மட்டும் காரணம் காட்டிச் சிகிச்சை வேண்டாம் என்று எவராவது சொன்னால், "முதியோர் வைத்தியரின் மதிப்பீடு செய்யப்பட்டதா?" என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. இக் கேள்விக்கொத்து வயதுக்கு 17 இல் 2 புள்ளி மட்டுமே கொடுக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

திருத்தக் கூடியவை

நலிவு என்று எழுதப்பட்டால் அது தலைவிதி அல்ல. அதில் பல விடயங்கள் திருத்தக் கூடியவை. சாப்பாடு இறங்காதவருக்குப் பெரிய கோப்பையில் சோறு வைப்பதைவிட, நாளுக்கு ஐந்தாறு தரம் சிறிது சிறிதாக முட்டை, மீன், பருப்பு, தயிர், பால் என்று புரதம் உள்ளதைக் கொடுக்கலாம். நீரிழிவு உள்ளவர் என்றால் உணவு ஆலோசகரைக் கேட்டே மாற்ற வேண்டும். பல் பொருந்தாமல் சாப்பிடாதவருக்குப் பல்லைத் திருத்தினாலே நிறை ஏறும். காது கேளாதவருக்குக் கருவி பூட்டினால் வைத்தியர் சொல்வது விளங்கும். கினேயோடு சில கிழமை பயிற்சி செய்தால் நடை தெம்பாகும். தேவையற்ற குளிசைகளை வைத்தியர் நிறுத்துவார். தனிமையில் வாடும் மனதுக்கும் மருந்தும் பேச்சும் உண்டு.

சந்திப்புக்குப் போகுமுன் வீட்டில் செய்யக் கூடியவை இவை:

கிழமைக்கு ஒரு தரம் ஒரே நேரத்தில் நிறை பார்த்துக் கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டாம் கேள்விக்குத் "தெரியாது" என்று சொல்ல வேண்டி வராது.

எடுக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஊரிலிருந்து வந்த சூரணம், லேகியம், கசாயப் பொடி ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். கீமோவோடு சில ஒத்துவராது. மறைப்பதால் நோயாளிக்கே ஆபத்து.

கடந்த ஆறு மாதத்தில் விழுந்தாரா என்று மெல்லக் கேட்டு அறியுங்கள். குளியலறையில் வழுக்கியதைப் பலர் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

கீமோ தொடங்கியபின் காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் பனடோலைக் கொடுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வைத்தியசாலை தந்த இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். அது கிடைக்காவிட்டால் 15 இற்கு அழையுங்கள்.

செலவும் உரிமையும்

புற்றுநோய் நீண்டகால நோய்களின் பட்டியலில் இருப்பதால், குடும்ப வைத்தியர் விண்ணப்பம் அனுப்பி அனுமதி கிடைத்ததும், அந் நோய்க்கான சிகிச்சை 'செக்குயூ'வின் கட்டண அளவில் 100 வீதம் பொறுக்கப்படும். வைத்தியசாலையில் தங்கும் நாட்கூலி இதில் அடங்காது. அதற்கு 'மியூச்சுவல்' அல்லது வருமானம் குறைந்தோருக்கான மேலதிகக் காப்புறுதி வேண்டும். வீட்டில் உதவியாள் தேவைப்பட்டால் 60 வயதைக் கடந்தவர்களுக்கான 'அப்பா' உதவித்தொகை பற்றி வைத்தியசாலையின் 'அசிஸ்தான் சோசியால்' இடம் கேளுங்கள்.

நோயின் பெயரைப் பெற்றோரிடம் சொல்லாமல் மறைக்குமாறு வைத்தியரைக் கேட்பது எம்மிடையே வழமை. அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் 2002 மார்ச் 4 ஆம் திகதிச் சட்டத்தின்படி தன் நோய் பற்றி அறியும் உரிமை நோயாளிக்கே உரியது. அறிய விரும்பவில்லை என்று சொல்லும் உரிமையும் அவருக்கே உரியது. தன் சார்பில் துணைநிற்க ஒருவரை அவர் எழுத்தில் நியமிக்கலாம். மருந்து எவ்வளவு என்பதற்கு முன், அவருக்கு எது முக்கியம் என்று நல்ல முதியோர் வைத்தியர் கேட்பார். பேத்தியின் சாமத்தியச் சடங்கு மட்டும் தெம்பாய் இருந்தால் போதும் என்பார் ஒருவர். எவ்வளவு வருத்தினாலும் இருக்கிற மருந்தெல்லாம் தாருங்கள் என்பார் இன்னொருவர். இரண்டும் சரியான பதில்களே. அந்தப் பதிலை அவர் வாயால் சொல்ல இடம் கொடுப்பதுதான் பிள்ளைகளாகிய நாம் செய்ய வேண்டியது.

இந்த எட்டுக் கேள்விகளையும் வெட்டி எடுத்து, வைத்தியசாலைக் கடிதங்கள் வைக்கும் கோவையில் வையுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு ஒரு தரம் ஆறுதலாக வாசித்துக் காட்டுங்கள். சுகமாய் இருக்கும்போதே இதைப் பேசி வைத்தால், நோய் வரும் நாளில் பதில் தேடித் தடுமாற வேண்டியிராது.